முன்கதையை வெட்டாதீர்கள்

சென்ற ஆண்டு ஓர் இளம் எழுத்தாளர் தன் முதல் நாவலின் கைப்பிரதியோடு என்னைப் பார்க்க வந்தார். பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்த பிரதி அது. முதல் ஆறு பக்கங்களின் குறுக்கே சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் ஒரு குறிப்பு: "முன்கதையை யாரும் படிப்பதில்லை. நேராகக் கதைக்கு வரவும்." கடைசி நான்கு பக்கங்களிலும் அதே சிவப்புக் கோடு. அங்கே காரணம்கூட எழுதவில்லை.

வெட்டப்பட்ட அந்த ஆறு பக்கங்களை அவர் எதிரிலேயே படித்தேன். வற்றிப்போன ஏரிக்குள் ஒரு கிழவி நிற்கிறாள். மண்மூடிக் கிடக்கும் படித்துறையைக் காலால் துழாவி, ஒவ்வொரு படியாக எண்ணுகிறாள். பதினோராவது படியில் நின்று, "இதுவரைக்கும் தண்ணி நிக்கும்" என்று யாரிடமோ சொல்கிறாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் நாவல் முழுக்க அந்த ஏரி நிலத்துக்காக நடக்கும் வழக்கு. கிழவி யார், யாரிடம் பேசினாள் என்பது கடைசி நான்கு பக்கங்களில்தான் தெரிகிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு வழக்கின் கதை. அவர் எழுதியிருந்தது ஓர் ஏரியின் கதை.

சிவப்பு மையால் கோடு போட்டவரைத் தனியாகக் குறை சொல்ல மாட்டேன். அவர் எழுதிய வாக்கியம் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. எழுத்துப் பட்டறைகளில் பாடமாகச் சொல்கிறார்கள். புத்தகத் திருவிழாவில் பேசிக்கொள்கிறார்கள். நல்ல வாசகர்களே, "முன்கதை, பின்கதை எல்லாம் நான் தாண்டிவிடுவேன்" என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். இதற்கு மூன்று நியாயங்களும் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒன்று, வாசகர்கள் அவற்றைப் படிப்பதில்லை. இரண்டு, அங்கே சொல்வதைக் கதைக்குள் எங்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். மூன்று, பின்கதை முடிவின் வேகத்தைக் கெடுக்கிறது. மூன்றுமே தவறு என்பது என் கட்சி.

முன்கதை வேண்டாம் என்ற கருத்துக்குப் பெரிய சாட்சியாக எப்போதும் அழைக்கப்படுபவர் அமெரிக்கக் குற்ற நாவலாசிரியர் எல்மோர் லெனர்ட். 2001-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் அவர் எழுதிய பத்து விதிகளில் இரண்டாவது, முன்கதையைத் தவிர்க்கச் சொல்கிறது. பத்தாவது, வாசகர்கள் தாண்டிப் போகும் பகுதிகளை எழுதாமல் விடச் சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத்தான் நம் ஊரிலும் சிவப்புக் கோடு போடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டாவது விதிக்குக் கீழே அவர் எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும். ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஸ்வீட் தர்ஸ்டே' நாவலில் ஒரு முன்கதை இருக்கிறது என்று சொல்லி, அதில் ஒரு பாத்திரம் பேசுவதுதான் தன் விதிகளின் சாரம் என்று அதற்கு விலக்கு அளிக்கிறார். முன்கதை வேண்டாம் என்று சொன்னவர், தன் விதிகளுக்கான ஆதாரத்தை ஒரு முன்கதையில்தான் கண்டெடுத்தார். ஸ்டைன்பெக்கின் அந்தப் பக்கங்களை அவரும் தாண்டிப் போயிருந்தால் அந்த ஆதாரம் கிடைத்திருக்காது. லெனர்ட் வேகமான குற்றக் கதைகளில் தேர்ந்தவர். தன் கைக்கு ஒத்துவந்ததை அவர் சொன்னார். அதை எல்லா நாவலுக்கும் சட்டமாக்கியது மற்றவர்கள்.

இனி முதல் நியாயத்துக்கு வருகிறேன். வாசகர்கள் படிப்பதில்லையா? சிலர் படிப்பதில்லை, உண்மை. ஏன் என்று கேட்க வேண்டும். ஒரு தமிழ் நாவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை என்று ஒன்றன்பின் ஒன்றாக உரைகள். அதற்கப்புறம்தான் நாவலாசிரியர் கதைக்குள்ளேயே எழுதிய முன்கதை வருகிறது. இவ்வளவு உரைகளையும் புரட்டித் தள்ளிய விரல் அதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. வேறு யாரோ எழுதிய பாராட்டும், கதையின் முதல் உறுப்பும் ஒரே குவியலில் கிடந்தால் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

தொடர்கதை படித்து வளர்ந்த பழக்கமும் இதில் உண்டு. வார இதழில் ஒவ்வொரு வாரமும் 'முன்கதைச் சுருக்கம்' என்று கட்டம் கட்டிப் போடுவார்கள். தொடர்ந்து படிப்பவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். தொட வேண்டியதும் இல்லை. 'முன்கதை' என்ற சொல்லைக் கண்டதும், ஏற்கெனவே தெரிந்தது, தாண்டலாம் என்று அந்தப் பழக்கமே கண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. இப்போது மின்நூல்களும் சேர்ந்துகொண்டன. திறந்தவுடன் பல நூல்கள் நேராக முதல் அத்தியாயத்தில் கொண்டுபோய் விடுகின்றன. முன்னால் ஏதோ இருக்கிறது என்பதே தெரியாமல் படித்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். புத்தகம் தயாரிக்கும் முறையால் உண்டான ஒரு பழக்கத்தை எழுத்து முறையின் மீதான தீர்ப்பாக்குவது நியாயமில்லை.

அதோடு, தமிழ் வாசகர் இவற்றை விரும்புவதில்லை என்பதற்கு எதிரான மிகப் பெரிய சாட்சி நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்ததும், கதை திடீரென்று முடிந்துவிட்டது என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். ஐந்து பாகம் படித்தும் அவர்களுக்குப் போதவில்லை. இன்னார் பின்னால் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். கல்கி அதற்காகவே ஒரு முடிவுரை எழுதினார். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் இன்றும் அது அச்சாகிறது. தமிழில் அதிகம் பேர் படித்த நாவலின் பின்னுரை வாசகர் கேட்டு வாங்கியது என்றால், பின்பக்கங்கள் யாருக்கும் வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இரண்டாவது நியாயம் கொஞ்சம் வலுவானது. முன்கதையில் சொல்வதைக் கதைக்குள் எங்கு வேண்டுமானாலும் சொல்லலாமே என்கிறார்கள். பல நாவல்களில் அப்படிச் சொல்லலாம்தான். சொல்லவே முடியாத நாவலும் உண்டு. அதற்கு விளதீமிர் நபக்கவின் 'லொலிட்டா'வைக் காட்டுகிறேன். 1955-இல் வெளிவந்த நாவல். ஒரு சிறுமியின் வாழ்வைச் சிதைத்த ஹம்பர்ட் என்பவன் சிறையிலிருந்து எழுதும் வாக்குமூலம் அது. அதற்கு முன்னால் ஜான் ரே என்ற முனைவர் எழுதிய முன்னுரை ஒன்று இருக்கிறது. அந்த முனைவரும் நபக்கவின் கற்பனைதான். எனவே அந்த முன்னுரை கதையின் பகுதி. சலிப்பூட்டும் அலுவலக நடையில், வாக்குமூலத்தை எழுதியவன் விசாரணைக்கு முன்பே சிறையில் இறந்துவிட்டான் என்று சொல்கிறார் முனைவர். கதையில் வரும் சிலர் பின்னால் என்ன ஆனார்கள் என்றும் ஒரு பட்டியல் தருகிறார். அதில் ஒரு தகவல்: ரிச்சர்ட் எஃப். ஷில்லர் என்பவரின் மனைவி 1952 கிறிஸ்துமஸ் அன்று பிரசவத்தில் இறந்துபோனார். குழந்தையும் இறந்தே பிறந்தது.

முதல்முறை படிப்பவருக்கு அந்தப் பெயர் யாரென்றே தெரியாது. கண் அதன்மேல் ஓடிப் போய்விடும். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அப்பால், கதை முடியப்போகும் வேளையில் ஹம்பர்ட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. அனுப்பியவர் பெயர் திருமதி ரிச்சர்ட் எஃப். ஷில்லர். அந்தச் சிறுமிதான். தப்பிப் போய், மணம் முடித்து, வறுமையில், நிறை வயிற்றோடு இருக்கிறாள். வயது 17. அவன் போய்ப் பார்க்கிறான். அவள் வாழ்க்கை இனியாவது நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கிறோம். முன்னுரையைப் படித்தவருக்கு மட்டும் அந்த நொடியில் நெஞ்சு அடைக்கும். இவள் வருகிற கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டாள். இது அவளுக்கும் தெரியாது, அவளைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவனுக்கும் தெரியாது. அவள் பல காலம் வாழ்வாள் என்று நம்பித்தான் அவன் கடைசிப் பக்கத்தை எழுதுகிறான்.

இந்தத் தகவலைக் கதைக்குள் எங்கே வைப்பது? சொல்பவன் ஹம்பர்ட். அவளுக்கு முன்னாலேயே அவன் செத்துவிடுகிறான். தெரியாததை அவன் எப்படிச் சொல்வான்? அவனுடைய அழகான பேச்சுக்கு வெளியே, அவன் குரல் எட்டாத ஓர் இடத்தில்தான் அவள் சாவைச் சொல்ல முடியும். கதையின் வாசலைத் தவிர அதற்கு வேறு இடம் கிடையாது. முன்னுரையைத் தாண்டியவர், லொலிட்டா இறந்துவிட்டாள் என்பதே தெரியாமல் நூலை மூடி வைக்கிறார். அவர் படித்தது நபக்கவ் எழுதிய நூல் அல்ல.

மூன்றாவது நியாயத்துக்கு வருவோம். நாவல் உச்சத்தில் முடிந்த பிறகு பின்கதை எதற்கு, அது முடிவை நீர்த்துப்போகச் செய்கிறது என்கிறார்கள். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் பின்கதை ஒட்டவைத்தது போலிருக்கிறது என்று விமரிசகர்களே நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். 1866-இல் எழுதப்பட்ட அந்த நாவலில் ஆறு பாகங்கள். ஆறாம் பாகத்தின் கடைசியில் ரஸ்கோல்னிகவ் காவல் நிலையத்தின் படியேறிப் போய், அடகுக்காரக் கிழவியையும் அவள் தங்கை லிசவேத்தாவையும் கோடரியால் கொன்றது தானே என்று ஒப்புக்கொள்கிறான். அங்கேயே முடித்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

ஒரு வாசகர் வட்டத்தில் இந்த நாவலைப் பற்றி ஒரு மாணவர் பேசக் கேட்டேன். நன்றாகவே பேசினார். "கடைசியில் அவன் மனம் திருந்தி ஒப்புக்கொள்கிறான்" என்று முடித்தார். பின்கதையைப் படித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆனால் அவன் காவல் நிலையத்தில் மனம் திருந்தவில்லை. பின்கதையில் சைபீரியச் சிறையில் எட்டாண்டுத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருக்கும்போதும் அவன் வருந்துவதில்லை. தன் கொள்கையில் தவறில்லை, தன்னால் தாங்க முடியாமல் போனதுதான் தவறு என்று நினைக்கிறான். கூட இருக்கும் கைதிகள் அவனை வெறுக்கிறார்கள். அவனைப் பின்தொடர்ந்து வந்த சோனியாவை நேசிக்கிறார்கள். அவன் நோயில் விழுகிறான். உலகத்து மக்களெல்லாம் தாமே சரி என்று நம்பவைக்கும் ஒரு கொள்ளை நோய் பரவி, ஒருவரையொருவர் கொன்று தீர்ப்பதாகக் கனவு காண்கிறான். தேறிய பிறகு ஒரு விடிகாலையில் ஆற்றங்கரையில் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்து, அக்கரையில் பரந்து கிடக்கும் புல்வெளியையும் நாடோடிகளின் கூடாரங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். சோனியா வந்து பக்கத்தில் உட்காருகிறாள். அப்போதுதான் அவனுக்குள் அந்தப் பிடிவாதம் உடைகிறது.

ஒப்புக்கொள்வது வேறு, மனம் மாறுவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் நாவல். அந்தத் தூரத்தைக் கடப்பது பின்கதையில். தலைப்பில் இரண்டு சொல் இருக்கின்றன. சட்டம் விதித்த தண்டனை பின்கதையில்தான் வருகிறது. அதைப் படிக்காதவர் தலைப்பின் பாதியைத்தான் படித்திருக்கிறார். அந்த மாற்றம் அவசரமாக நிகழ்கிறதா என்று விவாதிக்கலாம், விவாதிக்க வேண்டும். படித்துவிட்டு விவாதிக்க வேண்டும்.

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' இன்னும் நல்ல சான்று. நெப்போலியன் தோற்று ஓடிய பிறகும் அந்த நாவல் முடிவதில்லை. பின்கதையின் முதல் பாகம் 1820 டிசம்பரில் ஒரு கிராமத்து வீட்டில் முடிகிறது. பியெர் தலைநகரிலிருந்து திரும்பி வந்து, அங்கே உருவாகிவரும் ஒரு ரகசியச் சங்கத்தைப் பற்றிப் பேசுகிறான். மைத்துனன் நிக்கொலாய்க்குக் கோபம் வருகிறது. அரசுக்கு எதிராகக் கிளம்பினால் ஆணைப்படி உங்களையே வெட்டுவேன் என்கிறான். மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான். போரில் இறந்த ஆந்த்ரேயின் மகன். அன்றிரவு அவன் ஒரு கனவு காண்கிறான். தானும் பியெரும் தலைக்கவசம் அணிந்து ஒரு படைக்கு முன்னால் போகிறார்கள். வழியை மறித்து மாமா நிற்கிறார். ஐந்தே ஆண்டில், 1825 டிசம்பரில், பீட்டர்ஸ்பர்க் சதுக்கத்தில் ஜாருக்கு எதிராக அப்படி ஒரு கிளர்ச்சி எழுந்து நசுக்கப்பட்டது. ரஷ்ய வாசகருக்கு அது தெரியும். அந்தப் பையனின் கனவு அவர்களுக்கு அடிவயிற்றில் கனத்திருக்கும். டால்ஸ்டாய் முதலில் எழுத உட்கார்ந்ததே, அந்தக் கிளர்ச்சிக்காக நாடு கடத்தப்பட்டுக் கிழவனாகித் திரும்பும் ஒருவனின் கதையைத்தான். அதன் வேரைத் தேடிப் பின்னோக்கிப் போய்த்தான் நெப்போலியன் காலத்துக்கு வந்தார். எந்த விதையிலிருந்து அந்தப் பெருமரம் முளைத்ததோ அந்த விதை பின்கதையில் கிடக்கிறது.

எதிர்த் தரப்பார் இங்கே ஒன்று சொல்வார்கள். அதே பின்கதையின் இரண்டாம் பாகம் வரலாறு எப்படி இயங்குகிறது என்ற நீண்ட கட்டுரை; அத்தகைய தத்துவப் பகுதிகளை டால்ஸ்டாயே 1873 பதிப்பில் கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பில் போட்டாரே என்பார்கள். உண்மைதான். தன் நூலில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அவர் தயங்கினார். எழுதியவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அப்போதும் அவர் அவற்றை அழித்துவிடவில்லை. பிந்தைய பதிப்புகளில் அவை பழைய இடத்துக்கே திரும்பின.

எழுதியவரின் உரிமையைப் பற்றிப் பேசும்போது ஜார்ஜ் ஆர்வெல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1949-இல் வந்த அவருடைய '1984' நாவலின் கடைசியில், அந்தக் கொடுங்கோல் அரசு உருவாக்கிய புதுமொழியின் இலக்கணத்தை விளக்கும் பின்னிணைப்பு ஒன்று இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே அடிக்குறிப்பு போட்டு அதைப் பார்க்கச் சொல்கிறார் ஆர்வெல். அமெரிக்காவில் ஒரு பெரிய புத்தகச் சங்கம், அந்தப் பின்னிணைப்பையும் நடுவில் வரும் இன்னொரு நீண்ட பகுதியையும் எடுத்துவிட்டால் நூலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றது. பெருந்தொகை கிடைக்கும் வாய்ப்பு. காசநோயில் படுத்திருந்த ஆர்வெல் முடியாது என்று சொல்லிவிட்டார். சங்கம்தான் இறங்கி வந்தது. அந்தப் பின்னிணைப்பு முழுக்க இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மொழியும் அதைத் திணித்த அரசும் ஒருநாள் இல்லாமல் போயின என்று அதை வைத்து வாதிடும் வாசகர்கள் உண்டு. நாயகன் வின்ஸ்டனின் தோல்வியோடு நூலை மூடுபவருக்கு அந்த ஒளிக்கீற்று கிடையாது.

ஆர்வெல்லுக்குக் கிடைத்தது அந்தோணி பர்ஜஸுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' 1962-இல் 21 அத்தியாயங்களோடு வந்தது. வன்முறையில் திளைத்த இளைஞன் அது சலித்துப்போய், தனக்கு ஒரு மகன் பிறப்பதைப் பற்றி நினைக்கத் தொடங்குவது கடைசி அத்தியாயம். பின்கதையின் வேலையைச் செய்யும் அத்தியாயம். அமெரிக்கப் பதிப்பில் அதை விட்டுவிட்டார்கள். 1971-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படமும் அது இல்லாமலே முடிந்தது. 1980-களில்தான் அமெரிக்க வாசகருக்கு முழு நூல் கிடைத்தது. இருபது ஆண்டுக்கும் மேல் ஒரு நாடே, மனிதன் வளர்ந்து மாறுவான் என்ற நூலை, மாறவே மாட்டான் என்ற நூலாகப் படித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நம் மண்ணுக்கு வருகிறேன். பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்று சொன்னவர்கள் நாம். நூலை எழுதியவர் யார், நூலின் பெயர் என்ன, எதைப் பற்றியது, யார் கேட்டார்கள், என்ன பயன் என்றெல்லாம் பாயிரத்தில் இருக்க வேண்டியவற்றை நன்னூல் வரிசைப்படுத்தித் தந்திருக்கிறது. பாயிரம் நாவலின் முன்கதை போன்றதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் சிலப்பதிகாரப் பதிகத்தைப் பாருங்கள். வேங்கை மரத்தடியில் ஒரு முலை இழந்து நின்ற பெண் கணவனோடு விண்ணுக்குப் போனதைக் குன்றக் குறவர் வந்து சொல்கிறார்கள். உடனிருந்த சாத்தனார் நடந்த கதையை விளக்குகிறார். கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் முதல் காதைக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அதன் பிறகுதான் மங்கல வாழ்த்தில் கண்ணகியின் திருமணத்தைப் பார்க்கிறோம். தீவலம் வரும் அந்தப் பெண்ணின் முடிவு தெரிந்திருப்பதால்தான் அந்த மணக்காட்சி நம்மைக் கலங்க வைக்கிறது. பதிகம் பிற்காலத்தில் சேர்ந்தது என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. அப்படியே இருக்கட்டும். வாசல் இல்லாமல் இந்த வீடு நிறைவாகாது என்று யாரோ ஒரு தமிழர் நினைத்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாக ஏடு எழுதியவர்களும் அதை ஏற்றிருக்கிறார்கள். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'மும் 1879-இல், தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் பேசும் ஒரு முன்னுரையோடுதான் வந்தது.

மோசமான முன்கதைகளே இல்லையா என்றால், நிறைய இருக்கின்றன. முதல் அத்தியாயம் மந்தமாக இருக்கிறது என்று தெரிந்து, அதை மறைக்க முன்னால் ஒரு கொலையைச் செருகுபவர்கள் இருக்கிறார்கள். ஏழு தலைமுறை வம்சாவளியைக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் கல்யாணம் முடித்துவைத்து, பேரப்பிள்ளைகளுக்குப் பெயரும் வைக்கிற பின்கதைகள் உண்டு. அவற்றை வெட்டுங்கள், நான் தடுக்க மாட்டேன். மோசமான அத்தியாயங்களும் இருக்கின்றன. அதற்காக அத்தியாயமே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு முன்கதை தேவையா என்று அறிய ஒரே கேள்வி போதும்: இதை எடுத்தால் மற்றப் பக்கங்களின் பொருள் மாறுகிறதா? மாறினால் அது நாவலின் உறுப்பு.

பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அணிந்துரைகளையும் வாழ்த்துரைகளையும் நூலின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். கதையின் முன்கதைக்கு முன்னால் எதையும் அடுக்காதீர்கள். மின்நூல் முன்கதையில் திறக்கும்படி அமையுங்கள். பிழை திருத்துபவரிடமும் பதிப்பாசிரியரிடமும், கோடு போடுவதற்கு முன் கடைசிப் பக்கம்வரை படிக்கச் சொல்லுங்கள்.

வாசகரிடம் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த முறை ஒரு நாவலைத் திறக்கும்போது அந்த ஐந்தாறு பக்கங்களைத் தாண்டாதீர்கள். முடித்த பிறகு, பின்னால் ஏதாவது இருந்தால் அதையும் படியுங்கள். படித்தபின் முன்பக்கத்துக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். தெரியாத பெயராகக் கடந்து போனது தெரிந்த முகமாக நிற்கும்.

அந்த இளம் எழுத்தாளரிடம், பிரதியை வேறு இடத்துக்கு அனுப்புங்கள், ஒரு பக்கம்கூடக் குறைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கிழவி பதினோராவது படியில் நிற்கட்டும். ஏரியில் தண்ணீர் எதுவரை நின்றது என்பது அவளுக்குத்தான் தெரியும்.